மனத்தால் திரும்பிய கழுத்து

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

32 ஆண்டுகள் விடைத்தாள்மேல் குனிந்திருந்த கழுத்து, நான் ஓய்வு பெற்றபின் வலிக்கத் தொடங்கியது. எவரேனும் பின்னிருந்து அழைத்தால் உடல் முழுவதையும் திருப்பியே பார்ப்பேன். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலைக்குப் பேத்தியை அழைத்துச் சென்றேன். 8-ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் அவற்றின்கீழ் உள்ள வட்டெழுத்துகளையும் காட்ட வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. அங்கு நின்று அண்ணாந்து பார்க்க இயலவில்லை. "மேலே இருப்பது யார், பாட்டி?" என்று குழந்தை கேட்டாள். தரையைப் பார்த்தபடியே விடை சொன்னேன்.

எக்ஸ்ரேயில் வயதுக்குரிய தேய்மானமன்றி வேறொன்றும் இல்லை. நானாகவே கழுத்துப்பட்டையை மாதக்கணக்கில் அணிந்திருந்தேன். அசையாத கழுத்து மேலும் இறுகிற்று.

பின்னர் இயன்முறை மருத்துவர் ஒருவர், "அம்மா, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருப்புவதாக எண்ணுங்கள், போதும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லாத ஆற்றையும் சோலையையும் கண்முன் கொண்டுவருக என்று மாணவர்களை ஏவியவள் நான். என் கழுத்தை நினைக்கச் சொன்னதும் நம்பவில்லை!

நெடுநாள் வலியில், திசுக்கள் ஆறியபின்னும் மூளை தன் காவலைத் தளர்த்துவதில்லை. சிற்றசைவையும் தீங்கெனக் கருதி வலியை எழுப்புகிறது. அசைவை மனத்தில் மட்டும் நிகழ்த்தினால், உண்மை அசைவில் தொழிற்படும் மூளைப் பகுதிகளுள் பல தொழிற்படுகின்றன, கழுத்தோ அசைவதில்லை. அச்சமின்றி ஒத்திகை பார்க்கும் வழி இது.

இத்துறைக்கு முன்னோடியாக அமைந்த ஆய்வொன்று நம் தமிழகத்தாருடையது என்பதில் எனக்குப் பெருமிதம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில், கை இழந்தோரின் நலமான கையைக் கண்ணாடியில் காட்டினார். இல்லாத கை அசைவதாக அவர்கள் உணர்ந்தனர். சிலருக்கு அக்கையின் வலியும் தணிந்தது. ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி, படம் பார்த்தல், மனத்தால் அசைத்தல், கண்ணாடி என மூன்று படிகளாக அமைத்த பயிற்சியின் முடிவுகளை 2004-இல் வெளியிட்டார்.

எனக்கும் முதலில் படங்களே. கைப்பேசியில் தோன்றும் முகம் இடம் திரும்பியதா, வலம் திரும்பியதா என்று விரைந்து சொல்ல வேண்டும். குழந்தை விளையாட்டுப் போன்றது, ஆயினும் தடுமாறினேன். அடுத்து, அடுக்களையிலிருந்து மருமகள் அழைப்பதாகவும், மோவாய் தோளை நோக்கி நகர்வதாகவும், சன்னல் கண்ணில் படுவதாகவும் எண்ணினேன். எண்ணும்போதே வலித்தது! அதுவும் சிலர்க்கு நேர்வதே என்று கூறி, மீண்டும் படங்களுக்கே அனுப்பினார். சில வாரங்கள் கழிந்தபின்தான் உண்மையாகச் சிறிது திரும்பத் தொடங்கினேன்.

இது தனி மருந்தன்று. உடற்பயிற்சியே முதன்மை, இது அதற்குத் துணை. கழுத்து வலியில் இதனை ஆராய்ந்த ஆய்வுகளும் இன்னும் சிறியனவே. கை மரத்தல், வலுவிழத்தல், நடை தள்ளாடுதல், காய்ச்சல், விழுந்து அடிபடுதல் ஆகியவற்றோடு வந்த வலியாயின் மருத்துவரிடமே முதலில் செல்க. நம் ஊர் விசைத்தறிகளில் நாள் முழுதும் குனிந்து இழை முடிவோர்க்கு, இடையிடையே நிமிர நேரம் கொடாமல் கற்பனையை மட்டும் கற்பிப்பது நகைப்புக்குரியது.

தைத் திங்களில் மீண்டும் கழுகுமலைக்குச் சென்றோம். இடப்புறமும் வலப்புறமும் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாத்தல் மட்டும் பாதியளவே கூடிற்று. நடு வரிசை வரை கண்டேன். அதற்கு மேலுள்ள உருவங்களை என் பேத்தி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.