புதுக்கூண்டில் ஹோமர் குஞ்சுகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். இந்த வருடம் நம் குடியிருப்பில் மூன்று வீட்டு மாடிகளில் ஹோமர் குஞ்சுகள் வாங்கி விட்டார்கள். அவற்றில் பாதி இப்போது இல்லை. எட்டாவது படிக்கும் ஒரு தம்பி உண்டியல் காசில் நான்கு வாங்கி, மறுநாளே மாடியில் நின்று மேலே வீசிப் பறக்கவிட்டான். நான்கும் போய்விட்டன. மூன்று நாள் மாடியை விட்டு அவன் இறங்கவில்லையாம். புறா நன்றிகெட்ட ஜென்மம் என்று அவன் பாட்டி சொன்னார்களாம். பாவம், அந்தக் குஞ்சுகளுக்கு எது வீடு என்று தெரியவே இல்லை.

2015ல் வந்த ‘மாரி’ படம் பார்த்தவர்களுக்குப் புறாப் பந்தயம் தெரியும். சென்னையில் ஹோமர்களை வடக்கே ஆந்திரப் பக்கம் வரை லாரியில் கொண்டுபோய்த் திறந்துவிடுகிறார்கள். அவை வீடு வந்து சேர்கின்றன. நான் பேசப்போவது அதற்கெல்லாம் முந்தைய ஒரு மாதத்தைப் பற்றி மட்டும்.

முதலில் வயது. முட்டை பொரிய ஏறக்குறைய 18 நாள். ஒரு வாரக் குஞ்சுக்குக் காலில் வளையம் போடுவார்கள். விட்டுவிட்டால் கால் பருத்து, பிறகு நுழையாது. சுமார் 28 முதல் 30 நாளில் தானாகத் தீனி பொறுக்கும். அப்போதுதான் வாங்க வேண்டும். பழைய இடத்தில் வெளியே விட்டு நாலு வட்டம் அடித்த புறா அந்த இடத்துக்குச் சொந்தம். கோர் பேங்கிங் வருவதற்கு முன்னால் கணக்கு இருந்த கிளையில்தான் பணம் எடுக்க முடியும் அல்லவா? புறாவுக்கு இன்னும் கோர் பேங்கிங் வரவில்லை. பெரிய புறாவை வாங்கி இறக்கையில் நூல் கட்டிப் பழக்குகிறேன் என்பவர்கள் இங்கே உண்டு. கட்டிய இறக்கையோடு பூனையிடம் மாட்டினால் தப்ப வழியே இல்லை. பெரிய புறாவைக் கூண்டுக்குள் ஜோடி சேர்த்து, அதன் குஞ்சைப் பழக்குவதே முறை.

குஞ்சு வந்த அன்று தண்ணீர்தான் முக்கியம். புது இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் எங்கே என்று தெரியாமல் வாடிப்போகும். ஒவ்வொன்றின் அலகையும் மெதுவாகத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். தீனிக்குக் கம்பு, சோளம், பச்சைப்பயறு போதும். வளர்ந்த புறாவுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவு வரும். தீனி போடும்போதெல்லாம் டப்பாவைக் குலுக்குங்கள், அல்லது விசில் அடியுங்கள். நாளைக்கு அதை இறக்கப்போவது அந்தச் சத்தம்தான்.

அடுத்து, கூண்டு வாசலுக்கு வெளியே ஒரு கம்பிவலைப் பெட்டி. குஞ்சுகள் அதில் வந்து உட்கார்ந்து கூரை, தென்னை, செல்போன் கோபுரம், மலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு வாரமாவது பார்க்கட்டும். உள்ளே தள்ளினால் திறந்து, வெளியே வர விடாத தொங்கு கம்பி வாசலில் நுழையவும் அப்போதே பழகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் பயந்து கூண்டைச் சுற்றி ஃபிளெக்ஸ் பேனர் கட்டி மூடிவிடுகிறோம். 1970களில் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரியானோ பாப்பி என்பவரும் அவருடைய குழுவினரும் காற்றுப் படாமல் மறைத்த கூண்டில் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். தொலைவில் கொண்டுபோய் விட்டபோது அவற்றுக்கு வீட்டுத் திசை சரியாகப் பிடிபடவில்லை. காற்று கொண்டுவரும் வாசனையை வைத்தும் புறா திசை கற்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். நமக்கு ஒரு பக்கம் கொடைக்கானல் மலைக்காற்று, இன்னொரு பக்கம் நிலக்கோட்டைப் பூந்தோட்டங்கள். அதில் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று புறாவைத்தான் கேட்க வேண்டும். மேலே கூரை இருக்கட்டும். பக்கவாட்டில் காற்று வரட்டும்.

முதல் நாள் திறப்பது மாலையில், இருட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது. அன்று காலைத் தீனியைக் குறைத்துவிடுங்கள். காற்றில்லாத நாளாகப் பாருங்கள். ஆடி மாதத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவையாக நடந்து வெளியே வரட்டும், கைப்பிடிச் சுவரில் உட்காரட்டும். கையில் பிடித்து வீசக் கூடாது, கை தட்டக் கூடாது, பட்டாசுச் சத்தமும் ஆகாது. நன்றாகப் பறக்கும் பெரிய புறாக்களையும் கூடவே விடாதீர்கள். அவற்றின் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். அரை மணி கழித்து டப்பாவைக் குலுக்கினால் பசி உள்ளே கொண்டுவந்துவிடும். பயத்தில் நாள் கடத்துவதும் தப்பு. இறக்கை பலப்பட்ட பிறகு முதல்முதலாகத் திறந்தால், மிரண்டு ஒரே எழும்பில் ஊர் தாண்டிவிடும்.

பசியின் வலிமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ஒடிசா காவல்துறையில் 1946லேயே புறாத் தபால் பிரிவு தொடங்கினார்கள். 1948 ஏப்ரலில் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு அனுப்பிய செய்தியைக் கொண்டுபோனது ஒரு புறாதான். ஒரு இடத்தில் தங்கல், இன்னொரு இடத்தில் தீனி என்று பழக்கி, இரண்டுக்கும் நடுவில் போய்வரவும் வைத்தார்கள்.

சில வாரம் கழித்துக் கூட்டமாகக் கிளம்பி அரை மணி, ஒரு மணி காணாமல் போகும். பதறாதீர்கள், ஊரைப் படிக்கின்றன. அதன் பிறகு செம்பட்டி, பிறகு திண்டுக்கல் என்று தூரத்தைக் கூட்டலாம். வல்லூறு ஒன்றிரண்டைக் கொண்டுபோகும். அதை அடிப்பது சட்டப்படி குற்றம்.

புறா வளர்க்காதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. எச்சம் பற்றிய புகார் நியாயமானது. தண்ணீர்த் தொட்டி மூடியிருக்க வேண்டும். தினமும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, லேசாக நனைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். அது வளர்ப்பவர் பொறுப்பு. உங்கள் பால்கனியில் வளையம் போட்ட புறா களைத்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். தண்ணீரும் ஒரு கைப்பிடி தானியமும் வையுங்கள். வளையத்து எண்ணைக் குறித்துச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். இரவு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்திருந்து, மறுநாள் வெயில் ஏறியதும் விட்டால் பெரும்பாலும் தானே போய்விடும்.

அந்தத் தம்பிக்கு அடுத்த மாதம் என் கூண்டிலிருந்து இரண்டு குஞ்சு தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கம்பிவலைப் பெட்டியை அவனே செய்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. என் மாடியில் மாலை ஐந்தரைக்குத் தீனி நேரம். பார்க்க விரும்பும் பிள்ளைகள் வரலாம். படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள்.