டைல்ஸ் தருவோர் தரைக்கும் தாருங்கள்

(பாவூர்சத்திரத்தில் நடந்த நம் டிரஸ்ட் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வசதியற்ற முதியோர் வீடுகளில் நம் டிரஸ்ட் குளியலறை சீர்செய்து தருவதை அறிவீர்கள். வீடு கட்டியபின் மிச்சமாகும் டைல்ஸ் பெட்டிகளை அல்லாஹ்வுக்காக நீங்கள் தருகிறீர்கள். நிறம் மாறினால் பரவாயில்லை. கனம் மாறினால்தான் சிக்கல்.

சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி வீட்டில் வேலை நடந்தது. குளிக்கும் பக்கத்துக்கு வழுக்காத 12 மி.மீ. டைல்ஸ், மீதி இடத்துக்கு 8 மி.மீ. டைல்ஸ். "தரையைக் கொத்தி மட்டம் எடுக்கணும் பாய், ரெண்டு நாள் கூலி ஆகும்" என்றார் கொத்தனார். "இருக்கிற தரையிலேயே ஒட்டிருங்க" என்றேன் நான். மெல்லிய டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் பாலைக் கூடுதலாக ஊற்றி உயர்த்தினார்கள். அது காய்ந்து சுருங்கி, அடியில் பொள்ளலாகி, மிதிபட்டு ஓரம் உடைந்தது. பக்கத்து டைல்ஸின் விளிம்பு துருத்தி நின்றது. ஃபஜ்ருக்கு ஒளு செய்யப் போன அந்தத் தாய் அதில் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார். கொத்தனார் மேல் குற்றமில்லை. அவசரப்பட்டவன் நான்.

ஸஃப்பில் நிற்கும்போது எப்படி நேராகிறோம்? ஒவ்வொருவர் பாதமும் ஒவ்வொரு நீளம். விரல்நுனியைப் பார்த்தால் வரிசை கோணும். குதிகாலை வைத்துச் சேர்கிறோம். டைல்ஸுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. மேல்மட்டத்தை முதலில் முடிவு செய்யவேண்டும். கனத்தின் வித்தியாசத்தைத் தரையில் தீர்க்கவேண்டும்.

ஒட்டும் பசை 4 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பக்கம் 12-உம் 4-உம் 16. மறுபக்கம் 8-உம் 4-உம் 12. ஆகவே இரண்டும் சேருமிடத்தில், கனத்த டைல்ஸ் வரும் தரை 4 மி.மீ. தாழ்ந்திருக்கவேண்டும். அங்கிருந்து தண்ணீர் போகும் ஜாலி வரை வாட்டம் வேண்டும். 80-க்கு 1 என்றால் நான்கு அடிக்கு அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம்.

பழைய தளத்தில் ஆடுவதையெல்லாம் கொத்தி எடுத்துக் கழுவி, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் புதுத்தளம் போடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டுங்கள். நன்றாகக் காய்ந்தபின் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசுங்கள். பூச்சும் காய்ந்ததும் ஜாலியை அடைத்து, ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். பிறகே டைல்ஸ். சீசன் சாரல் நாளில் தளம் காய நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டி முடித்துப் பசை இறுகியபின் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டுங்கள்.

இனி டைல்ஸ் தருவோரிடம் இரண்டு கோரிக்கைகள். பெட்டியின்மேல் கனத்தை எழுதித் தாருங்கள். முடிந்தவர்கள் தரை வேலைக்கும் ஒரு தொகை சேர்த்துத் தாருங்கள். டைல்ஸ் கண்ணுக்குத் தெரியும் ஸதகா. அடியில் போகும் சிமெண்டும் மணலும் கொத்தனார் கூலியும் யார் கண்ணுக்கும் தெரியாது. அல்லாஹ் அறிவான்.

அந்தத் தாய்க்கு அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் கவனக்குறைவை மன்னிப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.