முதுகைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன்

(தோட்டக் கிளை உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நம்முடைய முதுகைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று யாரேனும் கேட்டால், ஆம், சங்கத்தின் வேலைதான் என்போம். முதலாளிக்கு நிலம் முதல், மரம் முதல், ஆலை முதல். தொழிலாளிக்கு உடம்பு ஒன்றே முதல். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

நம் வேலை எத்தகையது என்பதை நாமே ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிறோம். கீழ்ப்பட்டையில் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் குனிகிறார். மேற்பட்டையில் வெட்டுகிறவர் மரத்துக்கு மரம் கழுத்தை அண்ணாந்து நிற்கிறார். ஒரு நாளில் சில நூறு மரங்கள். அதன்பின் மங்கு மங்காகப் பாலை ஊற்றி வாளியைத் தூக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. 20 லிட்டர் வாளி இரண்டு என்றால் 40 கிலோ. அதைத் தோளில் ஏற்றி, மழை பெய்து வழுக்கும் மேட்டில் இறங்கி வருகிறோம். கிராணிமார் நிலை என்ன? காலையில் கணினிமுன் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுகிறார்கள். அவர்கள் கழுத்தும் இடுப்பும் வேறு விதமாக வலிக்கின்றன. ஆகவே முதுகுவலி நம் எல்லார்க்கும் பொதுச் சொத்தாக இருக்கிறது.

முன்பெல்லாம் வலி வந்தால் லயத்தில் சுளுக்கு எடுக்கும் பாட்டியிடம் போவோம். அல்லது மலாய்க்காரக் கம்பத்தில் பிடித்துவிடும் பெரியவரிடம் போவோம். இப்பொழுது பட்டணத்துக் கடைவீதியில் புதிய பலகைகளைப் பார்க்கிறோம்: 'கைரோபிராக்டர்'. கைப்பேசியைத் திறந்தால் கழுத்தைத் திருப்பி 'டக்' என்று சத்தம் வரவைக்கும் காட்சிகள். நம் உறுப்பினர் பலர் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். போகாதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. தெரிந்துகொண்டு போங்கள் என்று சொல்லவே வந்தோம்.

இதைச் சொல்லத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் நம் சகோதரர் ஒருவர். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்; பெயரும் ஊரும் வேண்டாம். மழை விட்ட ஒரு நாள் வாளியோடு மேட்டில் வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்தார். மண்டோரிடம் சொன்னால் வேலைக்கு ஆகாதவன் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, பட்டணத்தில் 24 தடவைக்கான கட்டணம் என்று 1,800 வெள்ளியை முன்பணமாகக் கட்டினார். அங்கே கொடுத்த சீட்டைக் காட்டி ஒன்பது நாள் லீவு எடுத்தார். அந்தச் சீட்டை ஆபீசில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒன்பது நாள் சம்பளமும் போயிற்று. ஏழாவது தடவை முடிந்த பிறகு வலது கால் மரத்துப்போயிற்று. அதன்பின்தான் அரசாங்க மருத்துவமனைக்குப் போனார். முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று டாக்டர் கண்டுபிடித்தார்.

கைரோபிராக்டர் அழுத்தியதால்தான் அப்படி ஆயிற்று என்று நாம் சொல்லவில்லை. விழுந்த அன்றே தட்டு பிதுங்கியிருக்கலாம். அதை அன்றே யாரும் பார்க்கவில்லை என்பதுதான் நம் வருத்தம். அவருக்காக நிர்வாகத்திடம் வாதாடப் போனபோது நம் கையில் ஒரு தாளும் இல்லை. விபத்து நடந்ததற்குப் பதிவு இல்லை, டாக்டரின் எம்.சி. இல்லை. பெர்கேசோ மனுவை இப்பொழுது சாட்சி தேடித் தேடி நடத்திக்கொண்டிருக்கிறோம். குற்றம் அவருடையது மட்டுமல்ல. இவற்றை முன்கூட்டி எடுத்துச் சொல்லாத நம்முடையதும் ஆகும். அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறோம்.

முதலில், இந்த வைத்தியம் எது என்பதைப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரத்தில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். அவரிடம் முதலில் வந்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற, கட்டடம் துப்புரவு செய்யும் ஒரு தொழிலாளி. அவர் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் சொன்னார். முதுகெலும்பு இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை இன்றைய மருத்துவ அறிவு ஏற்கவில்லை. ஆனால் இடுப்புவலிக்குக் கையால் செய்யும் சிகிச்சையில் ஓரளவு பலன் உண்டு என்பதை ஏற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில், நாட்பட்ட இடுப்புவலி பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் உடற்பயிற்சி, பிடித்துவிடுதல் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையும் இடம் பெற்றிருக்கிறது. பலன் உண்டு; ஆனால் அது அற்புதம் அல்ல. இடுப்புவலிக்குப் போகலாம். ஆஸ்துமா தீரும், சர்க்கரை இறங்கும், குழந்தையின் காதுவலி போகும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த 'டக்' என்ற சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. மூட்டுக்குள் எண்ணெய்போல் ஒரு நீர் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று விரித்தால் அந்த நீரில் வாயுக்குமிழ் உண்டாகிறது; அதுவே சத்தம். விரலைச் சொடுக்கினால் வருவதும் அதுதான். சத்தம் பெரிதாக வந்தால் குணமும் பெரிதாக வரும் என்பதில்லை.

இனி, போகுமுன் செய்யவேண்டியவை.

முதலாவது, டாக்டரைப் பாருங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கானாலும் சரி, தோட்டம் நியமித்த டாக்டரானாலும் சரி. எந்த முதுகுவலி ஆபத்தானது என்பதைப் பிரித்தறிய வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடங்காமற் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மங்கினாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மறுநாள் பிரட்டுக்குப் போய்விட்டுப் பார்க்கலாம் என்று இருக்கலாகாது. மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் அது முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், படுத்தாலும் வலி குறையாமல் இரவில் விழித்துக் கிடப்பவர்கள் ஆகியோரும் முதலில் டாக்டரிடமே போகவேண்டும். இந்த முதுகுகளை யாரும் அழுத்தக்கூடாது.

இரண்டாவது, தாள். வேலையில் விழுந்தால் அன்றே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். பார்த்த ஒருவரைச் சாட்சியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை விபத்துக்காக டாக்டர் கொடுக்கும் எம்.சி., விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரித் தினக்கூலியில் 80 விழுக்காடு பெர்கேசோவிலிருந்து கிடைக்கும். நோய் லீவுக்கும் தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆனால் அந்த எம்.சி. பதிவு பெற்ற டாக்டர் கொடுத்ததாக இருக்கவேண்டும். முதலாளி நியமித்த டாக்டரிடம் போகவேண்டும்; அவர் கிடைக்காவிட்டால் வேறு டாக்டரிடம் போகலாம். லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். கைரோபிராக்டர் இந்தச் சட்டம் கூறும் டாக்டர் அல்லர். அவர் பலகையில் 'டாக்டர்' என்று எழுதியிருந்தாலும் அவர் சீட்டுக்குச் சம்பளம் கிடைக்காது. ஒன்பது நாள் சம்பளம் கொடுத்து நம் சகோதரர் கற்ற பாடம் இதுவே.

மூன்றாவது, பதிவைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் கைரோபிராக்டிக்கும் ஒரு துறையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று ஒரு மன்றமும் பதிவும் உண்டு. நம் நாட்டிலேயே கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப் படிப்பும் இருக்கிறது. படித்தவர் சான்றிதழைக் காட்டத் தயங்கமாட்டார். "எங்கே படித்தீர்கள்? பதிவு இருக்கிறதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நாம் கொண்டுபோகும் பாலையே ஸ்டோரில் நிறுத்துப் பார்த்துத்தானே எடுக்கிறார்கள்!

நான்காவது, உங்களைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள். முதல் நாள் அவர் உங்களைக் கேள்வி கேட்க வேண்டும். குனியச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். ஒன்றும் கேளாமல் கட்டிலில் படுக்கச் சொல்கிறவரை நம்பாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தீர்களா, கருவுற்றிருக்கிறீர்களா, முன்பு எலும்பு முறிந்ததா, அறுவை நடந்ததா என்பதையெல்லாம் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற தாய்மார்க்கு எலும்பு மெலிந்திருக்கக்கூடும். அவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எல்லார்க்கும் தேவையில்லை. வயதேறிய பலருக்கு வலியே இல்லாமல் படத்தில் தேய்மானம் தெரியும். அதைக் காட்டி அச்சமூட்டினால் மயங்கிவிடாதீர்கள்.

ஐந்தாவது, கழுத்து. இடுப்புவலிக்குப் போனவர் கழுத்தைத் திருப்ப விடவேண்டியதில்லை. கழுத்தைச் சட்டென்று திருப்பியபின், மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் கண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். அது மிக அரிது; ஆயினும் நேர்ந்தால் பெருங்கேடு. "கழுத்தைத் தொடவேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சை நடக்கும்போதே "நிறுத்துங்கள்" என்று சொல்லவும் உரிமை உண்டு. வீடு திரும்பியபின் ஒருநாள் இருநாள் உடல்வலி இருப்பது வழக்கம். ஆனால் கடும் தலைவலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்தல் கண்டால் 999க்கு அழையுங்கள்.

ஆறாவது, பணம். முதல் நாளே 20, 30 தடவைக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவையில் பலன் தெரியும், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சில வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் திரும்புங்கள். பெரும்பாலான இடுப்புவலி சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். படுத்த படுக்கையாகக் கிடக்காமல், முடிந்தவரை நடமாடுவதே நல்லது. அரசாங்க மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபியும் உண்டு. அதற்கு யாரும் சங்கிலியை அடகு வைக்க வேண்டியதில்லை.

தோழர்களே! இவ்வளவும் சொன்னபின் ஒன்று மிச்சமிருக்கிறது. எந்தக் கை நம் முதுகை அழுத்தினாலும், மறுநாள் அதே 40 கிலோவை அதே வழுக்கல் மேட்டில் தூக்கினால் வலி திரும்ப வரும். வாளியை வழிய வழிய நிரப்பாமல் இரண்டு நடையாகக் கொண்டு வரலாம். அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். பால் சேர்க்கும் இடம் நிரைக்கு அருகில் வரவேண்டும். வழுக்கும் பாதையில் படி வெட்டவேண்டும். நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் நம் ஆட்கள் உட்கார்ந்து இவற்றைக் கேட்க வேண்டும். அடுத்த மாதம் நிர்வாகத்தைச் சந்திக்கும்போது இம்மூன்று கோரிக்கைகளையும் எழுத்தில் வைக்க இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கேட்கிறோம்.

விழுந்தவர் வெட்கப்பட வேண்டாம். வலிக்கிறவர் மறைக்க வேண்டாம். முதலில் சொல்லுங்கள், பிறகு டாக்டரைப் பாருங்கள், அதன்பின் யாரிடம் போவது என்று முடிவு செய்யுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பாரம் நிரப்பித் தரக் கிராணிமார் இருவர் முன்வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைப் பாருங்கள்.

முதுகு நம்முடையது, அதைக் காப்பதும் நம் கடமை.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!