பொவ்வாரின் பள்ளித் தோழி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெண்விடுதலை பற்றிய பேச்சில் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரின் பெயர் தவறாமல் வரும். 1949இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவரது 'இரண்டாம் பால்' நூலை நம்மிற் சிலர் படித்திருப்போம். பழைய மாணவிகளாகக் கூடியிருக்கும் நாம் இன்று நினைக்கப்போவது, அவருடைய பள்ளித் தோழி ஒருத்தியை.

சிமோன் 1908இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர். கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியொன்றிற் படித்தார். பத்து வயதளவில் அங்கே கிடைத்த தோழி எலிசபெத் லக்குவான். வீட்டில் அழைக்கும் பெயர் ஸாஸா. படிப்பில் இருவரும் முன்னணியில் நின்றார்கள்.

சிமோனின் தந்தை முதலாம் உலகப் போருக்குப் பின் செல்வத்தை இழந்தார். சீதனம் கொடுக்க வழியில்லை, ஆகவே நீங்கள் உழைத்துத்தான் வாழவேண்டும் என்று தம் இரு மகள்மாரிடமும் சொன்னார். அவர் மனம் நொந்து சொன்ன அந்தச் சொல்லே மகளுக்கு வழிதிறந்தது. 1929இல், 21 வயதில், மிகக் கடினமான தத்துவ ஆசிரியர் தேர்வில் சிமோன் இரண்டாம் இடம் பெற்றுச் சித்தியடைந்தார்.

ஸாஸாவின் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. அதனாலேயே கட்டுப்பாடுகளும் அதிகம். ஓயாத விருந்து உபசாரங்களிலிருந்து சில நாட்களாவது தப்புவதற்கு, ஒருமுறை கோடரியால் தன் காலையே வெட்டிக்கொண்டாள். விரும்பியவரை மணக்கவும் தடை வந்தது. 1929 நவம்பரில், 21 வயதில், திடீர் நோயில் இறந்தாள்.

மூளைக்காய்ச்சலா, மூளையழற்சியா என்பது அப்போது தெளிவாகவில்லை. வீட்டுக் கட்டுப்பாட்டினால் தொற்றுநோய் வருவதில்லை என்று மருத்துவர்களாகிய நமக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழில் நோயின் பெயரை எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிடும். பொவ்வாரின் மனதை அரித்தது வேறு கேள்வி: இருந்த காலத்தில் அவளை வாழவிட்டார்களா? 1954இல் அவளைப் பற்றி எழுதிய கதையை வெளியிடாமலே வைத்துவிட்டார். 1958இல் தம் இளமைக்கால நினைவுகளை எழுதி, அந்நூலை ஸாஸாவின் மரணத்தோடு முடித்தார். வைத்திருந்த கதை 2020இல்தான் அச்சேறியது.

சகோதரிகளே, நமக்கும் ஸாஸாக்கள் உண்டு. நமக்குக் கணக்குச் சொல்லித்தந்தவள், நாம் யாருடைய கொப்பியைப் பார்த்து எழுதினோமோ அவள், உயர்தரம் எடுக்காமலே நின்றுபோனாள். சிலரைக் கல்யாணம் நிறுத்தியது, சிலரைப் போரும் இடப்பெயர்வும் நிறுத்தின. நாம் டாக்டராக, ஆசிரியையாக, கணக்காளராக வந்தோம். அவர்களைவிட நாம் கெட்டிக்காரிகள் என்பதாலா? இல்லை என்பது நம் மனதுக்குத் தெரியும்.

இன்றிரவு அப்படி ஒருத்தியின் பெயரையாவது நினைவுக்குக் கொண்டுவருவோம். அவளுடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப்பிடிப்போம். சுகம் விசாரித்து, அவளுடைய மகள் என்ன படிக்கிறாள் என்றும் கேட்போம். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது தேவையென்றால், இந்தச் சங்கம் இருக்கிறது என்று சொல்வோம்.