புளியங்கொட்டையும் புடையன் விஷமும்



புளி உடைக்கும் காலத்தில் நம் முற்றங்களிற் குவியும் கொட்டைகளை நாம் பெருக்கி எறிந்துவிடுகிறோம். இந்தியாவிலோ அவற்றை வறுத்துத் தோல்நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை மாவாக்கி, நெசவு நூலுக்குப் பசையிடப் பயன்படுத்துகின்றனர். கொட்டையின் நிறையில் ஏறத்தாழ 30 சதவீதமான கபிலநிறத் தோல் அங்கும் கழிவே.

அத்தோலைச் சிறிது மென்று பாருங்கள், நாக்கு இறுகும். தனின் எனப்படும் பொலிபீனோல்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதனாலேயே அந்தத் துவர்ப்பு உண்டாகின்றது. நொதியங்களும் புரதங்களே. ஆகவே தனின் அவற்றையும் பற்றித் தொழில்செய்ய விடாது முடக்குகின்றது. இத்தோலை மிகுதியாகத் தின்னும் கோழிகள் நன்கு வளராமைக்கு, சமிபாட்டு நொதியங்கள் இவ்வாறு தடைப்படுவதும் ஒரு காரணமாகும்.

பாம்பின் விஷத்திலும் நொதியங்கள் உள. ஒன்று கலங்களின் மென்சவ்வைச் சிதைக்கும். இன்னொன்று இழையங்களைப் பிணைத்திருக்கும் பொருளைக் கரைத்து, விஷம் பரவ வழிதிறக்கும். கண்ணாடி விரியனின், அதாவது நாம் புடையன் என்னும் பாம்பின், விஷத்திலுள்ள இத்தகைய நொதியங்களைப் புளியங்கொட்டைச் சாறு தடுப்பதாக மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விஷத்தையும் சாற்றையும் முன்கூட்டியே கலந்துவைத்துச் செய்த சோதனைகளே அவற்றுட் பெரும்பாலானவை. விஷமேற்றிப் பத்து நிமிடங்களின் பின் சாறு பெற்ற சிறு பிராணிகளும் காக்கப்பட்டன என்பதை மறைக்கலாகாது.

"அப்படியானால் எங்கள் பாட்டன்மார் செய்தது சரிதானே!" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவனுடைய தந்தையார் கமக்காரர். வயலிற் புடையன் தீண்டியபோது, கொட்டையைக் கல்லில் உரைத்துக் கடிவாயில் ஒட்டி, இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பின்னர் ஆசுபத்திரியில் உயிர் பிழைத்தார். ஆயினும் சிறுநீரகம் பழுதுற்று நெடுநாள் வருந்தினார்.

அவனுக்கு நான் சொன்னது இதுவே: கடிவாயில் ஒட்டிய கொட்டை, தசைக்குள் இறங்கிவிட்ட விஷத்தை எட்டாது. அரைத்துக் குடித்தாலோ, பெரிய தனின் மூலக்கூறுகள் குடலைக் கடந்து குருதியிற் சேர்வது அரிது. சேர்ந்தாலும், விஷப் புரதம் எது, நம்முடைய புரதம் எது என்று தனின் பிரித்தறியாது. குதிரையின் குருதியிலிருந்து எடுக்கும் எதிர்விஷமோ விஷத்தையே தேடிப் பற்றுவது.

ஆசுபத்திரியில் நோயாளியின் குருதியிற் சிறிதளவைச் சுத்தமான கண்ணாடிக் குழாயிலிட்டு 20 நிமிடம் அசைக்காது வைப்பர். பின்னர் குழாயைச் சரிப்பர். குருதி உறையாது வழிந்தால், எதிர்விஷத்தை உடனே ஏற்றத் தொடங்குவர்.