படுக்கையை விட்டு எழுவதும் சிகிச்சைதான்

(அறக்கட்டளை மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில், நுரையீரல் நோயாளிகளுக்குப் பிசியோதெரபி அளித்துவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

"கொரோனாதான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் காசநோய் நம் தெருக்களை விட்டுப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, ஆக்சிஜன் வைத்துப் படுத்திருக்கும் வயதானவர்களை இன்றும் வார்டில் பார்க்கிறேன். நோயின் பெயர்தான் மாறுகிறது. வீட்டார் பாசத்தினால் செய்கிற ஒரு தவறு மட்டும் மாறவில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

2021 மே மாதம். ஒரு பிரியாணி மாஸ்டர், ஐம்பத்தெட்டு வயது. கல்யாண வீடுகளில் கொதிக்கிற தேக்சாவை இன்னொருவரோடு சேர்ந்து இறக்கி வைக்கிற உடம்பு. கொரோனாவில் நுரையீரல் பாதித்து, நான் வேலை செய்த மருத்துவமனையில் ஆக்சிஜனோடு கிடந்தார். ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது, ஆக்சிஜன் தேவையும் குறைய ஆரம்பித்தது. "உட்கார வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் எழுதினார். நான் கவச உடை போட்டுக்கொண்டு போனேன். மகன் வீடியோ காலில் இருந்தார். "அத்தா இப்பத்தான் கண்ணு தொறந்து பேசுறாங்க. தொந்தரவு பண்ணாதீங்க பாய், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அழுதார். எனக்கோ அன்று பார்க்க வேண்டியவர்கள் வரிசையாக இருந்தார்கள். விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கதை. நான்கு நாள் கழித்து அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தால் தலைசுற்றிச் சாய்கிறார். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினோம், முழங்கால் மடங்கிவிட்டது. நெஞ்சு தேறிக்கொண்டு வந்தது, கால் போயிருந்தது.

மகனைக் குற்றம் சொல்ல மாட்டேன். எடுத்துச் சொல்ல வேண்டியது என் வேலை. அன்று நான் சொல்லவில்லை.

படுத்தே கிடந்தால் என்ன ஆகிறது? லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களின் தொடைத் தசையை ஸ்கேன் செய்து அளந்தார்கள். 2013ல் அந்த ஆய்வு வெளியானது. பத்தே நாளில் தசை சராசரியாக 18 சதவீதம் அளவுக்கு மெலிந்திருந்தது. கொரோனாவில் உயிரைக் காப்பாற்றிய ஸ்டீராய்டு மருந்துக்கும் ஒரு விலை உண்டு. சர்க்கரையை ஏற்றும், சிலருக்குத் தொடையையும் இடுப்பையும் பலவீனமாக்கும். அதனால்தான் பலருக்கு முதல் அடி நம்மூர்க் கழிவறையில் விழுகிறது. உட்கார்ந்துவிடுவார்கள், எழ முடியாது. கூப்பிட வெட்கப்படுவார்கள். இது போதாதென்று, மல்லாந்தே கிடப்பவருக்கு நுரையீரலின் பின்பக்கமும் கீழ்ப்பக்கமும் சரியாக விரியாது, சளி தேங்கும், கால் நரம்பில் ரத்தம் உறைந்துபோகும் அபாயமும் இருக்கிறது.

"தொற்று நோய்க்காரருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது, உங்களுக்கு ஒட்டாதா?" என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டிருக்கிறார். எங்களுக்கு முறை இருக்கிறது. ஜிம் மாதிரி எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்ட மாட்டோம். அவரவர் கட்டிலருகேதான் பயிற்சி. சன்னலைத் திறந்து வைப்போம். நாங்கள் நல்ல முகக்கவசம் அணிவோம், நோயாளிக்கும் முடிந்தால் அணிவிப்போம். இருமும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்போம். கவச உடைக்குள் ஆள் யாரென்று தெரியாது, பெரியவர்கள் மிரண்டுபோவார்கள். அதனால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்வோம். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தொடுவோம். முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவோம். பிறகு காலைத் தொங்கப்போட்டு உட்காரவைப்பது, அதன்பின் நிற்பது, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைப்பது. ஆக்சிஜன் குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் நடை. மூச்சுத் திணறலோ காய்ச்சலோ உச்சத்தில் இருக்கும்போது இதைச் செய்ய மாட்டோம். அப்போது படுக்கும் பக்கத்தை மாற்றி விடுவதே போதும்.

மூன்று பந்து ஊதுகிற கருவியை நிறையப் பேர் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதை ஊதவா, உறிஞ்சவா என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். உறிஞ்ச வேண்டும். பந்து மேலே ஏறினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது கூடத்தைச் சுற்றி நாலு முறை நடப்பதற்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

நுரையீரல் நோய்க்குப் படுக்கைதான் மருந்து என்ற எண்ணம் பழையது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்தார்கள், அன்று வேறு வழியில்லை. 1956ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு சானடோரியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959ல் முடிவு வந்தது. குறைந்த சாப்பாட்டோடு, ஓய்வும் குறைவாக வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் அவர்களோடு இருந்த பிள்ளை குட்டிகளுக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தைவிட அதிகமாக நோய் வரவும் இல்லை. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் நம் சென்னைக்கு இப்படி ஒரு பங்கு உண்டு. (சாப்பாடு வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.)

அந்த பிரியாணி மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். இருபது நாள் கழித்து வீடு திரும்பினார். அங்கே இரண்டாவது தவறு நடந்தது. மாடி அறையில் தனியாக வைத்துவிட்டார்கள். டாக்டர் தொற்று நீங்கிவிட்டது என்று சொன்ன பிறகும் ஒரு மாதம் தட்டு வாசலுக்குத்தான் வந்தது. பேரப்பிள்ளைகளைப் படியேற விடவில்லை. பேச ஆள் இல்லாதவர் எதற்காக எழுந்திருப்பார்? காசநோய்க்காரருக்கும் இதையேதான் செய்கிறோம். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கட்டும். திறந்த காற்றில் ஆபத்து குறைவு, பூட்டிய அறையில்தான் அதிகம்.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது, "உங்களுக்கு என்ன வேணும் அத்தா?" என்று கேட்டேன். பள்ளிக்கு நடந்துபோய் நின்று தொழ வேண்டும் என்றார். முடியாதவருக்கு உட்கார்ந்து தொழச் சலுகை இருப்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் மனசு அதில் நின்றது. அதையே எங்கள் கணக்காக வைத்துக்கொண்டோம். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஐந்து தடவை, காலையும் மாலையும். பிறகு வாசல், முதல் கரண்ட் கம்பம், இரண்டாவது கம்பம். நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கினால் நின்று, சுவரில் சாய்ந்து, மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் 90க்குக் கீழே போனால் அன்றைக்கு நடை அவ்வளவுதான், டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பிடியுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்கு இன்று கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் எழ முடியாமல் போகும். கொரோனாவுக்குப் பிறகு இப்படிப் பலரைப் பார்த்தோம். அவர்களை "சோம்பேறி" என்று விரட்டாதீர்கள். அவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும்.

அவர் பள்ளி வாசலை எட்ட மூன்று மாதமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அந்த நாலு நாளை நான் விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் முன்பே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றும். இப்போது அவர் தேக்சா இறக்குவதில்லை. மகன் இறக்குகிறார், இவர் உப்புப் பார்த்துச் சொல்கிறார்.

அறக்கட்டளையில் கட்டிலும் சக்கர நாற்காலியும் இரவல் கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். நாலு கால் வாக்கரையும் கழிவறைக்கு உயரமான இருக்கையையும் சேர்த்து வையுங்கள். கட்டில் கேட்டு வருகிறவரிடம் அதையும் கொடுத்தனுப்புங்கள்.

வீட்டில் இப்போது இப்படி ஒரு நோயாளி இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். பெண்கள் பக்கத்தில் எங்கள் பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். ஒருவரை எப்படிப் பிடித்து உட்கார வைப்பது என்று இந்த நாற்காலியிலேயே செய்து காட்டுகிறோம். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அதை முதலில் காட்டுகிறேன். வஸ்ஸலாம்.