எங்கே இருக்கிறீர்கள்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், மின்னணுவியல் - தகவல் தொடர்பியல் துறையில் 2011இல் பட்டம் பெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, உன் வேலையைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும். ஆனா பசங்க தூங்கக் கூடாது" என்றார். மதியச் சாப்பாட்டில் பாயசம் போட்ட பிறகு இரண்டாவது நிபந்தனை கொஞ்சம் கஷ்டம்தான். முயற்சி செய்கிறேன்.

நான் படித்தபோது நம் விடுதி மெஸ் வாசலில் ஒரு சிவப்பு ஒரு ரூபாய் போன் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மணி அடித்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எடுப்பார்கள். மறுமுனையில் முதல் கேள்வி, "யார் பேசுறது?" என்பதுதான். எங்கிருந்து என்று யாரும் கேட்டதில்லை. அந்த போன் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு போனை எடுத்ததும் அம்மா கேட்பது என்ன? "எங்கப்பா இருக்கே?" ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. இடம்தான் தெரியவில்லை.

அம்மா கேட்டால் நாம் பதில் சொல்லிவிடலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தவரால் சொல்ல முடியாது. இன்டர்நெட் வழியாகப் போகும் அவசர அழைப்பு, சரியான ஊரிலுள்ள சரியான மையத்துக்கு, சரியான முகவரியோடு போய்ச் சேர வேண்டும். இதுதான் என் வேலை.

முதலில் பழைய கதை. அவசரத்துக்கென்று ஒரே எண் என்பது 1937இல் லண்டனில் 999 என்று தொடங்கியது. அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று, அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்ற சிற்றூரில் செய்யப்பட்டது. பின்னாளில் அங்கே ஓர் ஏற்பாடு வந்தது. 911 என்று அழுத்தினால், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது என்று எக்ஸ்சேஞ்ச் பார்க்கும். அந்த எண்ணுக்குரிய அவசர மையம் எது என்று ஒரு பட்டியலில் தேடி, அழைப்பை அங்கே அனுப்பும். மையத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு பட்டியலில் அந்த எண்ணுக்குரிய வீட்டு முகவரியைத் திரையில் பார்ப்பார். அழைத்தவர் வாய் திறக்காவிட்டாலும் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? எண்ணை ஒரு கம்பியில் கட்டியிருந்தார்கள், கம்பியை ஒரு வீட்டுச் சுவரில் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான். எண் தெரிந்தால் இடம் தெரிந்த மாதிரி.

இன்டர்நெட் போன் வந்ததும் அந்தக் கம்பி அறுந்தது. டல்லாஸ் நகர எண் கொண்ட ஐ.பி. போனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய் சியாட்டிலில் செருகினாலும் வேலை செய்யும். செலவு குறைவு, சௌகரியம் அதிகம். ஆனால் அதிலிருந்து 911 அழைத்தால் எந்த ஊர் மையத்துக்கு அனுப்புவது? அமெரிக்காவில் இத்தகைய மையங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். ஒரு மையத்தின் எல்லை தாண்டினால் அடுத்த மையத்தின் ராஜ்யம்.

"ஐ.பி. முகவரியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா, சார்?" என்று மூன்றாம் வரிசைத் தம்பி யோசிப்பது தெரிகிறது. ஊரைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். வீட்டையும் மாடியையும் சொல்ல முடியாது. அதிலும் ஆபீஸ் வி.பி.என். வழியாகப் போனால், வீட்டில் இருப்பவர் தலைமை அலுவலகத்தில் இருப்பதாகக் காட்டும்.

அதனால் 2005இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. சாதாரண தொலைபேசிகளோடு பேச வசதி தரும் இன்டர்நெட் போன் நிறுவனங்கள் எல்லாம் 120 நாட்களுக்குள் 911 வசதி தர வேண்டும். வாடிக்கையாளரிடம் முகவரி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். அவர் இடம் மாறினால் மாற்றிக்கொள்ள வழி செய்ய வேண்டும். அறுந்துபோன கம்பிக்குப் பதிலாக ஒரு முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சு, யாரோ ஒருவர் சரியாகத் தட்டச்சு செய்யும் முகவரி.

அந்த 'யாரோ ஒருவராக' நான் இருந்திருக்கிறேன். இதுவரை மேடையில் சொல்லாத விஷயம் இது.

2014. சென்னையில் ஒரு நிறுவனத்தில் நைட் ஷிப்ட். அமெரிக்க அலுவலகங்களுக்கு இங்கிருந்தே ஐ.பி. போன்களை அமைத்துக் கொடுப்போம். டெக்சாஸில் ஒரு வாடிக்கையாளர். ஒரு தலைமை அலுவலகம், நான்கு கிடங்குகள். அவர்கள் அனுப்பிய எக்செல் தாளில் கிடங்கு போன்களுக்கு முகவரிக் கட்டம் காலியாக இருந்தது. மணி விடிகாலை நாலு. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். தலைமை அலுவலக முகவரியைப் பிடித்துக் கீழே வரை இழுத்துவிட்டேன். எல்லாக் கட்டமும் நிரம்பியது. சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. நானும் பஸ் பிடித்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு கிடங்கில் ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தார். கூட இருந்தவர் பக்கத்திலிருந்த ஐ.பி. போனில் 911 அழைத்தார். அழைப்பு 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த தலைமை அலுவலகத்தின் மையத்துக்குப் போனது. ஆம்புலன்ஸும் அந்த அலுவலக வாசலுக்குப் போனது. நல்ல வேளை, அழைத்தவர் போனை வைக்கவில்லை. பேச்சுவாக்கில் தெருப் பெயர் ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்து, சரியான மையத்துக்கு மாற்றினார்கள். பதினோரு நிமிஷம் வீண். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அது என் புண்ணியம் இல்லை, அவர் ஆயுசு கெட்டி.

என் டீம் லீடர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, அந்தக் கட்டத்தைக் காலியாவே விட்டிருக்கலாமே?" அப்போதுதான் உறைத்தது. காலியாக விட்டிருந்தால் சிஸ்டம் ஏற்றுக்கொண்டிருக்காது. வாடிக்கையாளரைக் கேட்டிருப்போம். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு மின்னஞ்சல் செலவு. தெரிந்த மாதிரி நிரப்பியதால் ஓர் உயிர் போகப் பார்த்தது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2008 ஏப்ரலில் கனடாவின் கால்கரி நகரில் 18 மாதக் குழந்தைக்கு உடம்பு மோசமானது. வீட்டார் இன்டர்நெட் போனில் 911 அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. எங்கே? அவர்கள் முன்பு குடியிருந்த மிசிசாகாவுக்கு. 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால். பதிவில் பழைய முகவரிதான் இருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு லேண்ட்லைனில் அழைத்த பிறகு, சில நிமிஷங்களில் ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

மனிதன் முகவரியை மாற்ற மறப்பான் என்றால், போனே தன் இடத்தைத் தெரிந்துகொள்ள முடியாதா? இன்டர்நெட் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2005 வாக்கில் இதற்கென ஒரு குழு அமைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்னிங் ஷுல்ஸ்ரின் போன்றவர்கள் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் வேலையை மூன்று கேள்விகளாகச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஒன்று, நான் எங்கே இருக்கிறேன்? போனைச் சுவரில் செருகியதும், மறுமுனையில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச், "நீ இருப்பது மூன்றாம் மாடி, வடக்குப் பக்கம்" என்று சொல்லிவிடும். இரண்டு, இந்த இடம் எந்த மையத்தின் எல்லை? அதற்கு 'லாஸ்ட்' என்ற நெறிமுறையை 2008இல் வெளியிட்டார்கள். பெயரைப் பார்த்து, தொலைந்துபோனது என்று நினைக்க வேண்டாம். இடத்தைக் கொடுத்தால் மையத்தின் விலாசத்தைத் தரும். அந்த நாட்டில் அவசர எண் 911ஆ, 999ஆ, 112ஆ என்பதையும் சொல்லும். அழகு என்னவென்றால், போன் இதை ஆபத்து நேரத்தில் கேட்பதில்லை. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளும். மூன்று, அந்த இடத்தை மையத்துக்கு எப்படிச் சொல்வது? அழைப்போடு சேர்த்தே அனுப்பிவிடுவது. கல்யாணப் பத்திரிகைக்குள் மண்டபத்துக்கு வழி அச்சடித்துக் கொடுப்பது போல.

எல்லா மையங்களும் இந்தப் புது முறைக்கு இன்னும் மாறிவிடவில்லை. சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 2013 டிசம்பரில் டெக்சாஸில் மார்ஷல் என்ற ஊரில் ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அழுத்தினாள். போகவில்லை. வெளி அழைப்புக்கு முன்னால் ஒரு 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாய் இறந்தார். அவர் பெயரால் 'காரி சட்டம்' 2018இல் இயற்றப்பட்டு, 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வரும் அலுவலக, விடுதி போன் அமைப்புகளில் 911ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும். அதே 2018இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, தெரு முகவரி போதாது. தேவைப்பட்டால் மாடி, அறை எண் வரை மையத்துக்குப் போக வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் வெளிநாடு போவீர்கள். அங்கே வீடு மாறினால், கேஸ் கனெக்‌ஷன் மாற்றும் அன்றே இன்டர்நெட் போனின் அவசர முகவரியையும் மாற்றுங்கள். அமெரிக்காவில் சில சேவைகளில் 933 அழைத்தால், பதிவாகியிருக்கும் முகவரியை வாசித்துக் காட்டும். கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பை நம்பி அவசர அழைப்பு செய்யாதீர்கள். அதில் அந்த வசதி கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒன்று. ஊரில் அப்பா தனியாக இருக்கிறார், வீடியோ காலில் பேசும்போதே மயங்கிச் சரிகிறார் என்று வையுங்கள். நியூஜெர்சியிலிருந்து 108 அடித்தால் விழுப்புரத்துக்கு வண்டி வராது. அவசர எண் அழைக்கிறவர் இருக்கும் இடத்துக்கானது. ஆகவே எதிர்வீட்டுக்காரர் எண், தெருமுனை மருந்துக்கடை எண், பக்கத்து ஆஸ்பத்திரியின் முழு எண், இந்த மூன்றையும் இன்று ஊருக்குத் திரும்பும் முன் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரர் அங்கிருந்து 108 அழைத்தால் வண்டி வரும்.

நிறைவாக ஒன்று சொல்கிறேன். நம் பேராசிரியர் ஒருவர் விடைத்தாளில், "தெரியாவிட்டால் இடம் விட்டு வை, கதை எழுதாதே" என்று சிவப்பு மையில் எழுதுவார். அன்றைக்கு அதை மதிப்பெண் விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன். சார் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்தப் பாடத்தை நான் மூன்று வருஷம் தாமதமாக, ஓர் எக்செல் தாளில் படித்தேன். இப்போது என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளில் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.